கொஞ்சம் தள்ளி

இன்று காலை ஒரு பெண் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தாள். தலையில் கனகாம்பரத்தோடு மரிக்கொழுந்து வைத்துக் கட்டிய சரம். விளக்குகளைப் போட்டதும் அந்தச் சூட்டுக்கு மரிக்கொழுந்து வாசனை கடை முழுக்கப் பரவியது. திரையை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் துணியில் அவள் நிழல் விழுந்தது. எனக்கு வாயில் வரக்கூடாதது வந்துவிட்டது. "கொஞ்சம் தள்ளி..." என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. தெலுங்குப் பெண். நாற்காலியை நகர்த்தச் சொன்னது அவளுக்கு விளங்கவே இல்லை. பட்டனை அழுத்திவிட்டு, 'பார்த்தியாடா' என்று கேட்பதற்காகக் காமிராவுக்கு வலப்பக்கம் திரும்பினேன். அங்கே பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டிகள் மூன்று, ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. நீ போய் மூன்றாவது வருடம் நடக்கிறது. இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் நாக்கைப் பற்றி உனக்குத் தெரியும். அப்பா திருநெல்வேலியிலிருந்து இங்கே சிகிந்திராபாத் பக்கம் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். நான் குஷாய்குடாவிலேயே தெலுங்குப் பிள்ளைகளோடு படித்து வளர்ந்தவன். எனக்கு ளகரம் வராது. "ஏல, நாக்க மடிச்சுச் சொல்லு. தள்-ளி" என்று அப்பா சாகும்வரை சொல்லிப் பார்த்தார். என் வாயில் அது 'தல்லி' என்றுதான் விழும். தெலுங்கில் தல்லி என்றால் அம்மா. பெற்ற மகளையும் அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவார்கள். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் தெலுங்குக்காரர்கள் நடுவே மூன்று தலைமுறையாக இருந்த குடும்பம் உன்னுடையது. நீயும் உன் மகளை அவள் பிறந்த நாளிலிருந்து தல்லி என்றுதான் கூப்பிட்டாய்.

முதல் தடவை நீ வந்தது ரயில்வே பாஸுக்குப் படம் எடுக்க. ஊரில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டும், மீதிப் பேர் அவர்களுக்கு வரன் பார்த்துக்கொண்டும் இருந்த காலம். விசாவுக்குப் படம், கல்யாணத்துக்குப் படம், கம்பெனி அட்டைக்குப் படம் என்று ஸ்டுடியோவில் கூட்டம் நெரியும். எனக்கு வேலை தெரியும், வெளிச்சம் தெரியும், பேசத்தான் தெரியாது. "தலைய நிமித்துங்க. வலது தோள இறக்குங்க. இமைக்காதீங்க" என்று உன்னையும் விரட்டினேன். நீ அப்படியே விறைத்துக்கொண்டு கேட்டாய்: "ஏன் பா, நான் என்ன திருடிட்டேன்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ எழுந்து சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாய். "எல்லாரும் ஸ்டேஷன்ல உக்காந்திருக்குற மாதிரியே இருக்காங்க பா. நம்ம சிகிந்திராபாத் ஸ்டேஷன் இல்ல, போலீஸ் ஸ்டேஷன்." அதற்குக் கோபப்பட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையும் இல்லாமல் லாலாகுடாவிலிருந்து மல்லாபூர் வழியாகச் சைக்கிள் மிதித்து வந்து காமிராவுக்கு வலப்பக்கம் நின்றாய். நான் போகச் சொல்லவில்லை. அப்புறம் ஒர்க்‌ஷாப் விடுமுறை நாளெல்லாம் உனக்கு இங்கேதான் டியூட்டி.

நீ யாரையும் தொட மாட்டாய். நான் மோவாயைப் பிடித்துத் திருப்பினால் கையைத் தட்டிவிடுவாய். நீ உன் தலையை லேசாகச் சாய்ப்பாய். எதிரில் இருப்பவர் தன்னை அறியாமல் அதே பக்கம் சாய்வார். தோளை இறக்கு என்று சொல்வதற்குப் பதிலாக ஒரு பெருமூச்சு விடுவாய். அவரும் விடுவார், தோள் தானாக இறங்கும். "சிரிங்கன்னு மட்டும் சொல்லாத பா, நக்கோ. சிரிங்கன்னா பல்லுதான் வரும்." விசாவுக்கு வரும் பையன்களிடம் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பாய். உப்புமா என்று சொல்லும்போது அவன் முகத்தில் வரும் வருத்தத்துக்குப் பின்னால் ஒரு நிஜ முகம் வரும். அதற்காக நான் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு வித்தை உன்னிடம் இருந்தது. கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்துவிட்டு "ஆயிப்போச்சு பா, எழுந்துக்கலாம்" என்பாய். முடிந்தது என்று அவர்கள் மூச்சு விட்டு உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த நொடிதான் எனக்கு. நீ 'ஆயிப்போச்சு' என்றால் ஆரம்பம் என்று நமக்கு மட்டும் தெரியும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமை இருந்தது. காமிரா என்னுடையது, கடை என்னுடையது, நீ வராத நாளில் வாசலில் எட்டிப் பார்க்கிறவர்கள் கேட்பது உன்னை. "ஆ மாட்லாடே சார் லேரா?" பேசுகிற சார் இல்லையா என்று. இல்லை என்றால், அப்புறம் வருகிறோம் என்று போய்விடுவார்கள். நான் பேசாத சார்.

அந்த மல்லாபூர் அம்மாவை உனக்கு நினைவிருக்கும். பிஸ்கட் கம்பெனியில் வேலை. அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர். ஐம்பது வயதிருக்கும். நான் வழக்கம்போல "ஜரகண்டி, ஜரகண்டி" என்றேன். "இது என்ன திருப்பதியா பா? கைக்கு பா, எதுக்கு அவங்கள வெரட்டுற?" என்று நீ காதோரம் சொன்னாய். அந்தத் தடுமாற்றத்தில் எனக்குத் தமிழ் வந்துவிட்டது. "கொஞ்சம் தள்ளி... தள்ளி..." என்றேன். அந்த அம்மா அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் நிறைந்துவிட்டது. "மா நாயன அட்லனே பிலிசெடோடு" என்றார். எங்கள் அப்பா அப்படித்தான் என்னைக் கூப்பிடுவார் என்று.

இல்லையம்மா, நான் நகரத்தான் சொன்னேன் என்று வாயைத் திறந்தேன். நீ என் முழங்கைக்கு மேலே நறுக்கென்று கிள்ளினாய். இரண்டு நாள் கன்றியிருந்தது. அந்த அம்மா போனதும் சண்டை பிடித்தேன்.

"நான் தள்ளி உக்காரச் சொன்னேன்டா. அவங்க வேற என்னமோ நெனச்சுக்கிட்டா அது பொய்தான?"

"நீ என்ன சொன்னியோ அது உன்னோடது. அவங்க என்ன கேட்டாங்களோ அது அவங்களோடது. அத புடுங்காத பா."

"அது ஏமாத்து வேல."

"ஹவ், ஆமா, ஏமாத்துதான். உன் நாக்குதான் ஏமாத்துது. அத போய்க் கேளு" என்று சிரித்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய். அன்றிலிருந்து ஜரகண்டியை விட்டுவிட்டேன்.

பிறகு உன் மகளின் படம். அவள் ஹைடெக் சிட்டி பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தமிழில் நாம் பேசினால் தெலுங்கில் பதில் சொல்லும் பெண். கம்பெனி அட்டைக்குப் புதுப் படம் வேண்டும் என்று நீதான் சொல்லிக் கூட்டி வந்தாய். பட்டுப்புடவை எதற்கு என்று அவள் கேட்டதற்கு, அட்டையில் பார்டர் மட்டும் தெரியும், எடுப்பாக இருக்கும் என்று ஏதோ சமாளித்தாய். சிறுவயதில் அவள் ரயில் எஞ்சினைப் பார்த்து டாட்டா சொன்ன கதையைச் சொன்னாய். "ஆயிப்போச்சு தல்லி" என்றாய். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். நான் எடுத்தேன். என் ஆயுளில் நான் எடுத்த நல்ல படங்களை எண்ணினால் அது முதலில் வரும்.

அந்தப் படம் எதற்கு என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். இரண்டு மாதம் கழித்து, கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி வரன் பார்க்கும் இணையதளத்தில் இருந்த அந்தப் படத்தைக் காட்டித்தான் அவளுக்குத் தெரிய வந்தது. வீட்டில் அவள் கத்தவில்லையாம். "உங்க 'ஆயிப்போச்சு' வேலைய என்கிட்டயுமாப்பா காட்டுனீங்க?" என்று, அதிசயமாகத் தமிழில் கேட்டாளாம். அதுதான் அவள் உன்னிடம் பேசிய கடைசி வார்த்தை என்று நீ என்னிடம் சொன்னபோது ஒரு மாதம் ஆகியிருந்தது. அவளைக் கேட்காமல் வரன் பார்த்ததுகூடப் பெரிதில்லை. தன் சிரிப்பை அப்பா தனக்குத் தெரியாமல் எடுத்து வெளியே கொடுத்துவிட்டார் என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. மன்னிப்புக் கேள் என்றேன். "என்னான்னு ஆரம்பிக்கிறது பா? நான் எது பேசினாலும் வித்தைன்னு நெனப்பாளே" என்றாய். ஊரையே பேச வைத்தவனுக்கு வாய் அடைத்துப்போயிருந்தது.

ஒன்பது மாதம் அப்படிப் போனது. பிறகு அவளுக்கு அமெரிக்கா வேலை வந்தது. விசா படத்தில் நிழல் விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று உன் மனைவிதான் அவளைக் கட்டாயப்படுத்தி இங்கே அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை. நீ இருப்பாய் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. "நமஸ்தே அங்கிள்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நீ நின்ற பக்கம் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, நான் கேட்டபடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியும் இல்லை, முகத்துக்கு நேரே விளக்கு வேறு. விளக்குக்கு இந்தப் பக்கம் நாம் இருவரும் அவளுக்கு வெறும் இருட்டு.

துணியில் நிழல் விழுந்தது. நீ பேசவில்லை. நான்தான் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், உன்னைப்போல. "கொஞ்சம் தள்ளி..."

அவள் அசையவில்லை. கண் மட்டும் பெரிதானது, பள்ளிக்கூடம் விட்டு வாசலில் நிற்கும் குழந்தைக்கு ஆகிற மாதிரி. "அப்பா?" என்றாள்.

என் விரல் தன் வேலையைச் செய்துவிட்டது. பக்கத்தில் நீ மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. பேசப்போகிறவன் இழுக்கும் மூச்சு அது. பத்து வருடம் பக்கத்தில் நின்றவனுக்கு அது தெரியாதா? நீ பேசியிருப்பாய். ஒரு நொடி கொடுத்திருந்தால் பேசியிருப்பாய்.

நான் முந்திக்கொண்டேன். "நான்தாம்மா சொன்னது. நாற்காலியக் கொஞ்சம் முன்னால தள்ளிப் போடச் சொன்னேன். அப்பா ஒண்ணும் பேசல."

"ஓ. ஓகே அங்கிள்" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதன்பிறகு அவள் காட்டிய முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. விசாவுக்கு அவர்கள் கேட்பது அந்த முகத்தைத்தான். ஒரே தடவையில் பாஸாகிவிட்டது.

ஏன் சொன்னேன் என்று உனக்கு நான் ஒருநாளும் விளக்கவில்லை. உண்மை பேசுகிறவன் என்ற பெருமையில் சொன்னேன் என்று நீ நினைத்திருப்பாய். அது இல்லை. என் வாயிலிருந்து அத்தனை வருடத்தில் ஒரு தடவை நல்லதாக ஒரு வார்த்தை விழுந்தது. அதையும் உன் வார்த்தையாக எடுத்துக்கொண்டாளே என்று சுருக்கென்றது. அவ்வளவுதான். ஒரு பேசாத சாரின் வயிற்றெரிச்சல். அவள் கண் பெரிதான படத்தை அன்று மாலையே அழித்துவிட்டேன். நீ பார்த்துவிடக் கூடாது என்று.

நீ கோபித்துக்கொண்டு வராமல் இருந்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அடுத்த ஞாயிறும் வந்தாய். உப்புமாவைப் பற்றிக் கேட்டாய், தலையைச் சாய்த்தாய், பெருமூச்சு விட்டாய். நான் 'தள்ளி' என்று ஆரம்பித்தால் மட்டும் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனாய். இரண்டு தடவை அப்படிப் போன பிறகு நான் அந்த வார்த்தையை விட்டுவிட்டேன். 'முன்னாடி வாங்க' என்று பழகிக்கொண்டேன். மன்னிச்சிருடா என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. சொல்லவில்லை.

அவள் அங்கிருந்து அம்மாவோடு மட்டும் பேசுவாள். நீ பக்கத்தில் நின்று "சாப்ட்டாளா கேளு, குளுருதா கேளு" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருப்பாயாம். ஒருநாள் காலை ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய். அவள் வந்து சேர இரண்டு நாள் ஆனது. அவளுக்காகக் காத்திருக்க முடியவில்லை.

நீ இல்லாமல் நானும் உன் வித்தைகளைச் செய்து பார்த்தேன். ஒரு பையனிடம் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "எந்துக்கு அங்கிள்?" என்று, எதற்குக் கேட்கிறேன் எனச் சந்தேகமாகப் பார்த்தான். பட்டனை அழுத்தினேன். படத்தில் அந்தச் சந்தேகம்தான் விழுந்தது. மகன் பெங்களூரில். வீட்டில் மனைவியும் நானும், ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு டிவி. இந்தக் கடையில் வாரத்தில் ஒருநாள் உன்னோடு போட்ட சண்டைதான் நான் பேசிய பேச்சு என்று இப்போது தெரிகிறது.

உன் காரியமெல்லாம் முடிந்து, விமானம் ஏறுவதற்கு முதல்நாள் மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். இதை உனக்குச் சொல்லத்தான் இந்த மடலையே எழுதுகிறேன். சுற்றி வளைத்து வர இவ்வளவு நேரமாகிவிட்டது. விளக்குகளைப் போடவில்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மாதிரிப் படங்களைப் பார்த்தாள். "அங்கிள், ஒக்க மாட அடகொச்சா?" என்றாள். கேள் அம்மா என்றேன். "ஆ ரோஜு, நேனு வெள்ளிபோயின தர்வாத, அப்பா ஏமைனா அன்னாரா?"

விசா படம் எடுத்த அன்றைக்கு அவள் போன பிறகு நீ ஏதாவது சொன்னாயா என்று கேட்டாள்.

சொன்னாய். அவள் படத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போன பிறகு, அந்த வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாய். "ரொம்ப தள்ளி போயிட்டா பா" என்றாய். நான் காதில் விழாதவன் மாதிரி மீதிப் படங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நீயும் நானும் அவளைப் பற்றிப் பேசவில்லை.

அதை அப்படியே அவளிடம் சொல்லத்தான் வாயெடுத்தேன். நான் உண்மை பேசுகிறவன் இல்லையா? ஆனால் முழுதும் வரவில்லை. "தள்ளின்னு சொன்னான்மா" என்றேன். ளகரம் வராத நாக்கு. அது எப்போதும் சொல்கிறபடி சொன்னது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தல்லி அன்னாரா?"

கிள்ளுவதற்கு நீ இல்லை. உனக்கு ஒரு நொடி கொடுக்காதவன், அவளுக்குக் கொடுத்தேன்.

"ஹவ்" என்றேன்.

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். நான் தொடவில்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். அவள் இப்போது வாரம் ஒருமுறை அம்மாவிடம் உன்னைப் பற்றிப் பேசுகிறாளாம். 'கடைசியிலே அப்பா என்னைக் கூப்பிட்டார்' என்று சொல்கிறாளாம்.

நீ சொன்ன வாக்கியத்தில் ஒரு வார்த்தையை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். அதற்கு முன்னால் இருந்த 'ரொம்ப', பின்னால் இருந்த 'போயிட்டா பா', அவை இரண்டும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை.